தலைமைக் கதிரையில் இருக்காத அத்தானுக்கு

பகிடிக்குக் கோபிக்கத் தெரியாத என் அத்தானுக்கு,

உங்கள் இளைய மச்சாள் மலர் எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்திலும் சுகத்துக்குக் குறைவிருக்காது. அங்கே உங்களைப் பகிடி பண்ண நான் இல்லையே, அதுவே பாதிச் சுகம்.

சிரிக்காமல் கேளுங்கள். நான் இப்போது உப தவிசாளர். ஓம், நம்முடைய பிரதேச சபையில்தான். நீங்கள் நாலு வருடம் இருந்த அதே பதவி. உங்களுக்குத் தந்த அந்த ஆடுகிற மேசையைத்தான் எனக்கும் தந்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே நீங்கள் மடித்து வைத்த கடதாசி இன்னும் அப்படியே இருக்கிறது.

சனசமூக நிலையத்தார் தங்கள் ஆண்டு மலருக்கு உப தவிசாளரின் வாழ்த்துச் செய்தி வேண்டும் என்று கேட்டார்கள். சபைத் தலைவரான தவிசாளர் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். அதில் மூன்று இடத்தில் 'அகமகிழ்கின்றேன்' என்று இருக்கிறது. எனக்கு வாழ்த்துச் சொல்லி எழுதத் தெரியாது. நாலாம் வகுப்பில் எங்கள் பள்ளிக்கூடத்தை அகதி முகாம் ஆக்கினார்கள். முகாமை எடுத்தபோது எனக்குச் சமைக்கிற வயது வந்துவிட்டது. எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் கடிதம்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன், அவர்கள் அச்சடிக்கட்டும். படிக்கிற ஆட்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

நான் எப்படி இங்கே வந்தேன் என்று கேட்பீர்கள். பெண்களுக்கு இத்தனை இடம் கட்டாயம் என்று சட்டம் வந்த பிறகு, பட்டியலில் போடப் பெண் தேடித் திரிந்தார்கள். துறையில் மீன் வாங்கி, மிதவைப் பாதையில் ஆற்றைக் கடந்து, களுவாஞ்சிக்குடிச் சந்தையில் கூவி விற்கிறவளை இரண்டு கரையிலும் தெரியும் என்று என் பெயரைப் போட்டார்கள். உப தவிசாளர் ஆனது உங்களைப் போலத்தான். தவிசாளர் வயல்வட்டைப் பக்கத்து ஊர்க்காரர். அப்படியென்றால் அடுத்தவர் ஆற்றோரத்து ஊரில் இருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஊர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். முகம் தொங்காமல் இருக்க வைத்த பதவி இது. உங்கள் காலத்திலும் அதுதான், இப்போதும் அதுதான்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா, பேப்பரில் கடலுக்கு அந்தப் பக்கத்துச் செய்தி வந்தால் முதலில் நீங்கள் தேடுவது துணை முதலமைச்சர் யார் என்றுதான். முதலமைச்சர் யாராயிருந்தால் என்ன என்பதுபோல இருப்பீர்கள். மீன் வெட்டிக்கொண்டிருக்கும் என்னிடம் வந்து அதையெல்லாம் விளங்கப்படுத்துவீர்கள். இந்தியாவில் பெரிய சட்டப் புத்தகத்தில் முதலமைச்சர் இருக்கிறாராம், துணை முதலமைச்சர் என்று ஒரு சொல்லே இல்லையாம். எப்படிச் சத்தியம் செய்தாலும் சட்டத்துக்கு அவர் மற்ற அமைச்சர்மாரில் ஒருவர்தானாம். வெள்ளைக்காரன் போன காலத்தில் பெரிய தலைவருக்கு அடுத்த ஆளைச் சமாதானப்படுத்தச் சில மாநிலங்களில் அந்தப் பதவியைக் கொடுத்தார்களாம். பிறகு கூட்டுச் சேர்ந்த கட்சிக்குப் பங்காகக் கொடுத்தார்களாம். பிறகு இந்தப் பகுதிக்கு ஒருவர், அந்தச் சாதிக்கு ஒருவர் என்று ஒரே மாநிலத்தில் இரண்டு, மூன்று, ஐந்து பேர்கூட இருந்தார்களாம். சில பேர் அதிலிருந்து ஏறி முதலாம் இடத்துக்குப் போனார்களாம். கனபேர் அதோடு நின்றுபோனார்களாம்.

"எங்கட மாகாணத்துக்கு ஏன் அத்தான் அப்பிடி ஒரு ஆள் இல்ல?" என்று கேட்டேன். நம்முடைய சட்டத்திலும் முதலமைச்சர் உண்டு, துணை இல்லை என்றீர்கள். இப்போது கேட்டால் இன்னொன்றும் சொல்லவேண்டிவரும். மாகாண சபையே கனகாலமாக இல்லை, ஆளுநர்தான் எல்லாம். முதலாம் ஆளே இல்லாத இடத்தில் இரண்டாம் ஆளுக்கு எங்கே போவது?

"பிரதேச சபையிலதான் கா உப தவிசாளர் எண்டு சட்டத்தில பேர் போட்டு இரிக்கி," என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

"அப்ப சட்டத்தில இல்லாத ஆளுக்கு அங்க கார் குடுக்கிறாங்க. சட்டத்தில இரிக்கிற உங்களுக்கு இஞ்ச ஒரு சைக்கிளும் இல்ல."

"நான் நடந்து போறன் கா. எனக்கு என்ன அவசரம்."

அந்தச் சிரிப்பு. என்னால் உங்களைக் கோபப்படுத்தவே முடியவில்லை. எத்தனை வருடம் முயற்சி செய்தேன்.

சரி. அந்தக் கூட்டத்தின் கதைக்கு வருகிறேன். இந்த ஆண்டு மலரைப் படிக்கிற இளம் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போதைய தவிசாளர் நெஞ்சு நோவென்று பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மாதக் கூட்டம் உங்கள் தலைமையில். எங்கள் ஊரின் தோணித்துறைக்குப் போகிற வழியைச் சபையின் வீதிப் பதிவேட்டில் ஏற்றவேண்டும் என்று தோணிக்காரர் கேட்டிருந்தார்கள். அந்த வழி எங்கள் அம்மாவின் ஆற்றோரக் காணியான வளவின் ஓரத்தால் போகிறது. அம்மா வீட்டை எனக்குத் தந்தார், வளவை அக்காவுக்குத் தந்தார், அக்காவைக் கட்டி நீங்கள் வந்தீர்கள். வேலி இல்லாத காலத்தில் இருந்து சனம் அந்த ஓரத்தால் நடந்தது. கடதாசியில் மட்டும் அது இல்லை.

நீங்களே தீர்மானத்தைக் கொண்டுவந்தீர்கள். எல்லோரும் கை உயர்த்தினார்கள். ஆனால் தலைமைக் கதிரையில் நீங்கள் இருக்கவில்லை. உங்கள் கதிரையைக் கொஞ்சம் நடுவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தபடி கூட்டத்தை நடத்தினீர்கள். நீங்கள் பிறந்த ஊர்க் கோயிலில் அப்படித்தானே. கோயில் தலைவரான வண்ணக்கர் வராத நாளிலும் மண்டபத்தில் அவர் இருக்கும் இடத்தில் வேறொருவர் குந்தமாட்டார். பக்கத்தில் இருந்துதான் பேசவேண்டியதைப் பேசுவார்கள். பூசை நடக்கும், கணக்குப் பார்ப்பார்கள், சண்டைகூடப் பிடிப்பார்கள், அந்த இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த மனுசன் நீங்கள்.

மறு மாதம் தவிசாளர் வந்தார். எதிர்ப் பக்கத்து உறுப்பினர் ஒருவர் எழும்பி, போன கூட்டத்தில் தலைமை ஆசனத்தில் ஒருவரும் இருக்கவில்லை, தலைமை இல்லாத கூட்டத்தின் தீர்மானம் செல்லாது என்றார். அறிக்கையைப் பார்த்தார்கள். சபையின் கிளாக்கர் ஐயா கண்டதை அப்படியே எழுதியிருந்தார்: தலைமை ஆசனம் வெறுமையாக இருந்தது. தவிசாளர், அப்படியென்றால் இதைப் பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு வரவே இல்லை. சட்டம் உண்மையில் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன்? உங்களுக்குப் 'பக்கத்துக் கதிரை' என்று பெயர் வைத்தேன். சந்தையில் சொன்னேன், பாதையில் சொன்னேன், செத்த வீட்டில்கூடச் சொன்னேன். உங்கள் மகள் தர்சினியின் கலியாணத்தில் மாப்பிள்ளையின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, இது மாமனாருக்கு என்றேன். மண்டபமே சிரித்தது. நீங்களும் அதில் ஒரு தடவை குந்தி எழும்பினீர்கள்.

அந்த முக்காலி இப்போது எனக்குக் கொஞ்சம் குத்துகிறது அத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

தர்சினியின் புருசன் பாசிக்குடாவில் உல்லாச ஹோட்டல் வேலை பார்த்தது உங்களுக்குத் தெரியும். நல்ல பிள்ளை. அடுத்தவனின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினது காணும், போதும், எங்கள் ஆற்றங்கரையில் மூன்று குடில் போட்டு நாங்களே வெள்ளைக்காரரை வைத்துப் பார்ப்போம் என்று இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள். நீங்கள் சீதனமாகக் கொடுத்த அதே வளவில். குடில் போட்டால் வேலி போடவேண்டும். வேலி போட்டால் துறைக்கு வழி இல்லை. கொங்கிறீட் தூண்கள் வந்து வளவில் அடுக்கியாகிவிட்டது.

தோணிக்காரர் சபைக்கு மனுக் கொடுத்தார்கள். அதே மனுதான், புதுக் கடதாசியில். அந்த நேரம் பார்த்து எங்கள் தவிசாளர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் சுவிசுக்குப் போனார், ஒரு மாதம். போய் இறங்கின அன்றே எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, நான் வருமட்டும் பெரிசா ஒண்டும் எடுக்காதீங்க."

"சரி அண்ணன், சின்னதா எடுக்கிறன்."

அவர் சிரித்தார். நான் பகிடி பண்ணுகிறேன் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் வருமுன் தூண் நட்டுவிடுவார்கள். நட்ட தூணைப் பிடுங்க எந்தத் தவிசாளரும் வரமாட்டார். மனுவை இந்த மாதமே எடுத்தால்தான் உண்டு.

கூட்டம் நடத்தும் முறை கேட்கலாம் என்று கிளாக்கர் ஐயா வீட்டுக்குப் போனேன். இளைப்பாறிவிட்டார், கண் மங்கல், ஞாபகம் மட்டும் கத்தி. என்ன சொல்லித் தொடங்கவேண்டும், கை எண்ணிக்கை சமமாக வந்தால் தலைமை வகிப்பவர் தன் வாக்கால் முடிவு சொல்லவேண்டும் என்றெல்லாம் சொல்லித் தந்தார். எழும்பும்போது என் பாட்டுக்கு, அத்தானைப்போல நான் பக்கத்தில் குந்தமாட்டேன், பயப்படாதீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அண்டைக்குக் கூட்டம் தொடங்க முதல் நான் அவரிட்டச் சொன்னன் பிள்ள. உப தவிசாளர், கதிரையில இருங்க, இல்லாட்டி மறுகா ஆரும் பிழை பிடிப்பாங்க எண்டு."

"அத்தான் என்ன சொன்னவர்?"

"'எனக்கு இது காணும் ஐயா' எண்டார். கையால கதிரையைத் தடவிப் போட்டு இஞ்சால வந்து இருந்தார்."

அவர் வீட்டு வேலிக் கடப்பைத் தாண்டி நான் எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியாது. அத்தான், உங்களுக்குத் தெரிந்திருந்தது. கதிரையில் இருக்காவிட்டால் தீர்மானம் நிற்காது என்று ஒருவர் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். அந்த மாதம்தான் தர்சினிக்குக் கலியாணம் பேசி வந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வழி பதிவாகிவிட்டால் வளவு குறையும்.

தோணிக்காரருக்கு முன்னால் தீர்மானத்தைக் கொண்டுவந்து, மகளுக்காக அது நிற்காமல் பார்த்துக்கொண்டீர்களா? அல்லது கிளாக்கர் சொன்னாலும், சட்டம் சொன்னாலும், அடுத்தவரின் கதிரையில் குந்த உங்கள் உடம்பு கேட்கவில்லையா? நான் ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தது ஒரு வெகுளியையா, ஒரு கெட்டிக்காரரையா? இவ்வளவு பகிடி பண்ணினேனே, ஒருநாளாவது ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டேனா உங்களிடம்?

கூட்டத்துக்கு முதல் நாள் காலையில் அக்கா வந்தார். தர்சினியும் வந்தாள். அக்கா அடுப்படியில் குந்தி என் மரக்கறியை வெட்டத் தொடங்கினார். கேட்க வந்தால் அவர் கையில் ஏதாவது வேண்டும், உங்களுக்குத் தெரியும்தானே.

"ஒண்டும் செய்ய வேணாம் கா," என்றார். "மனுவை அடுத்த மாதத்துக்குப் போடு. அவ்வளவுதான். உன்ட கையால ஒண்டும் நடக்க வேணாம்."

தர்சினி வாசலில் நின்றாள். பிறகு, "சின்னம்மா, அப்பா எனக்குத் தந்தவர்," என்றாள். அந்த ஒரு வசனம்தான்.

அவள் என் பிள்ளை. அவளுக்கு முதல் சோறு குழைத்து வாயில் தீத்தினவள் நான். அவளுக்கு என்ன பதில் சொல்வது? உன் அப்பா தந்த வளவில் ஒரு வழி இருந்தது மகள், அதை ஊருக்குத் தர நினைத்தும் முடியாமல் போனதா, தருவதுபோலக் காட்டித் தராமல் விட்டாரா என்று எனக்கே தெரியவில்லை என்றா? மனுவைத் தள்ளிப் போடுவது எவ்வளவு லேசான வேலை. உப தவிசாளர் ஒன்றும் செய்யாமல் இருப்பதை ஒருவரும் குற்றமாகச் சொல்லமாட்டார்கள். அதற்குத்தானே எங்களை வைத்திருக்கிறார்கள். யோசிக்கிறேன் என்று சொல்லி, சோறு போட்டு அனுப்பினேன். அக்கா சாப்பிட்டார். தர்சினி தொடவில்லை.

மறுநாள் தலைமைக் கதிரையில் போய் இருந்தேன் அத்தான். அது என்ன பெரிய விசயம் என்று நினைத்துத்தான் போனேன். இருந்த பிறகுதான் உங்களைக் கொஞ்சம் விளங்கியது. உயரமான கதிரை, என் கால் நிலத்தில் முட்டவில்லை. எதிரில் இருக்கிற எல்லா முகமும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கின்றன. பக்கத்தில் இருந்தால் பாதி முகம்தான் தெரியும், பாதிப் பொறுப்புத்தான் இருக்கும். அங்கே ஒளிக்க இடம் இல்லை.

மனு வந்தது. எதிர்ப் பக்கத்தில் ஒருவர் எழும்பி, தலைமை வகிப்பவரின் அக்கா மகளின் காணி இது, அவர் எப்படி இதைப் பேசலாம் என்றார். இன்னொருவர், இல்லை, அவர் அந்தத் துறையில் மீன் எடுத்து விற்கிறவர், தன் மீன் கூடைக்கு வழி கேட்கிறார் என்றார். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்து முறைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"ரெண்டும் சரி," என்றேன். "தர்சினி என்ட மகள். மீன் என்ட பிழைப்பு. ரெண்டு பக்கமும் எனக்கு இரிக்கி. முதல்ல அதை எழுதுங்க. எழுதிப் போட்டு மறுகா கை உயர்த்துவம்."

எழுதினார்கள். கை உயர்த்தினார்கள். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. கிளாக்கர் ஐயா சொல்லித் தந்தது எனக்கு வேண்டாத இடத்தில் வந்து நின்றது.

நான் நினைத்ததைச் சொல்கிறேன். நான் நிரந்தரத் தவிசாளர் என்றால், ஆற்றங்கரை ஊரின் வாக்கையும் பாசிக்குடாவைப் பார்த்து ஏங்குகிற இளம் ஆட்களின் வாக்கையும் ஒரு தராசில் போட்டிருப்பேன். பார்ப்போம் என்று நானும் சொல்லியிருப்பேன், சத்தியமாக. ஒரு மாதத்துக்கு வந்து குந்தினவளுக்கு அந்தத் தராசு இல்லை. நீங்கள் பேப்பரில் தேடித் தேடிப் பார்த்த அந்த இரண்டாம் ஆட்கள் எல்லாம் என்றைக்காவது ஒருநாள் இப்படித் தனியாக இருந்திருப்பார்களா? இருந்து, கையைத் தூக்கினார்களா, பேசாமல் வைத்திருந்தார்களா? அதைப் பேப்பரில் போடமாட்டார்கள்.

வழிக்குத்தான் என் கையைத் தூக்கினேன். எட்டடி அகலம், துறை வரைக்கும். மிச்ச வளவில் மூன்று குடில் அல்ல, நாலு குடில் போடலாம். அதையும் சொன்னேன், எழுதச் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை தர்சினி என்னோடு கதைக்கவில்லை. மருமகன் கதைத்தான், ஆனால் "உப தவிசாளர் அம்மா" என்று. சின்னம்மா என்று சொல்லு, ஏசு, எனக்குப் பரவாயில்லை என்றேன். "இல்ல, உப தவிசாளர் அம்மா" என்றான். பகிடியை எங்கே படித்தானோ. தவிசாளர் சுவிசில் இருந்து சொக்கிலேட்டோடு வந்தார். "சின்னதா எடுக்கிறன் எண்டீங்க, எட்டடி எடுத்திட்டீங்க," என்றார். சொக்கிலேட் எல்லோருக்கும் கொடுத்தார், எனக்கும் தந்தார். அவ்வளவு கோபம் இல்லை போல. தான் செய்யவேண்டி வராமல் போனது அவருக்கும் ஒரு ஆறுதல்தான்.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் அக்காவுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்று நினைத்தேன். உங்கள் கதையை அவருக்குத் தெரியாமல் ஊருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நேற்றுப் பின்னேரம் வளவுக்குப் போனேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன். முக்காலி வந்த இடத்தில் அக்கா சிரித்தார். தெரிந்துதான் இருக்காமல் விட்டீர்களா என்று கேட்ட இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு கூட்டத்தால வந்து அவர் சோறு தின்னல்ல," என்றார். "ரெண்டு நாள்."

நான் கடதாசியை மடியில் வைத்தேன். "எந்தக் கூட்டம் கா? அவர் தலைமை தாங்கின கூட்டமா, மறு மாதம் தள்ளிப் போட்ட கூட்டமா?"

முதல் கூட்டம் என்றால் தெரிந்து செய்துவிட்டுத் தின்னாமல் இருந்திருக்கிறீர்கள். இரண்டாம் கூட்டம் என்றால் நினைக்காமல் பிழையாகிப்போனதற்காகத் தின்னாமல் இருந்திருக்கிறீர்கள். அக்கா யோசித்தார். விரலை மடித்து எண்ணினார்.

"அது நினைவில்ல கா," என்றார். "நான் கேட்கவும் இல்ல."

பிறகு அக்கா கடதாசியைத் தொட்டுக் காட்டி, "ரெண்டு நாள் எண்டு போடாத. ஒண்டரை நாள். மற்ற நாள் பின்னேரம் மரவள்ளிக்கிழங்கு அவிச்சுக் குடுத்தன், தின்டவர்," என்றார். அதனால் திருத்துகிறேன், படிக்கிற எல்லோரும் கவனியுங்கள்: ஒன்றரை நாள்.

எனக்கு இனி அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டாம் அத்தான். எந்தக் கூட்டமாக இருந்தாலும் நீங்கள் தின்னவில்லை. நான் பக்கத்து வீட்டில் இருந்தும் அந்த ஒன்றரை நாளைத் தெரியாமல் உங்களுக்குப் பெயர் வைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

நான் கடப்பைத் தாண்டும்போது அக்கா பின்னால் நின்று, கல் நடுகிற அன்றைக்கு நீயும் வருவாயா என்று தர்சினி கேட்டாள் என்றார். வரவேண்டும் என்று கேட்டாளா, வரக்கூடாது என்று கேட்டாளா என்று அவர் சொல்லவில்லை.

வருகிற புதன்கிழமை எல்லைக் கல் நடுகிறார்கள். போவேன் அத்தான். தோணிக்காரர் எட்டடிக்கு மேலே ஒரு விரல் கேட்டாலும் கொடுக்கமாட்டேன். மருமகன் எட்டடிக்குள்ளே ஒரு விரல் கேட்டாலும் விடமாட்டேன். அளக்கிற நூலின் ஒரு தலையை நான் பிடிப்பேன். மற்றத் தலையை உங்கள் மகளிடம்தான் நீட்டுவேன். உடனே வாங்குவாளோ தெரியாது. வாங்குமட்டும் நீட்டிக்கொண்டே நிற்பேன், இது நான் உங்களுக்குச் சொல்கிற சத்தியம்.

உங்கள் இளைய மச்சாள்,
தர்சினியின் சின்னம்மா,
மலர்